குளத்தை மறுபடி திறந்தார்கள்

பூங்காக் கமிட்டியில் ஒரு தீர்மானம் நிறைவேற யாரும் கையைத் தூக்க வேண்டியதில்லை. சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். தலைவர் விஷயத்தைச் சொல்வார், "யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?" என்று கேட்பார், பேனாவால் மேஜையில் ஒரு தட்டுத் தட்டுவார். அதற்குள் யாரும் வாயைத் திறக்காவிட்டால் தீர்மானம் பாஸ். பெஞ்சுக்குப் பச்சை வர்ணமா நீலமா என்பதும், நாய்களை உள்ளே விடலாமா கூடாதா என்பதும் இப்படித்தான் முடிவாயின. வாயுள்ள பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்பார்கள். அந்தக் கமிட்டியோ வாயில்லாத பிள்ளைகளின் தயவில் ஓடிக்கொண்டிருந்தது.

வாயில்லாத பிள்ளைகளில் முதல் ஆள் அச்சுக்காரர். பூங்காவுக்கு எதிர்த் தெருவில் அச்சகம் வைத்திருக்கிறார். கல்யாணப் பத்திரிகையிலிருந்து கடை பில் வரைக்கும் அந்த வட்டாரத்துக்கு அவர்தான் அடித்துக் கொடுக்கிறார். ஒரு நாளைக்கு லட்சம் எழுத்து அச்சடிக்கிற மனிதர் வாயிலிருந்து ஓர் எழுத்துக்கூட வராது என்று கமிட்டியில் கேலி செய்வார்கள். தலைவர் ஒரு பல் டாக்டர். எல்லார் வாயையும் திறக்க வைத்தவர். அச்சுக்காரரின் வாயை மட்டும் அவராலும் திறக்க முடிந்ததில்லை, கடைவாய்ப் பல் வலித்த அன்றைத் தவிர.

பூங்காவின் பொன்விழாவுக்குச் சில மாதங்கள் இருந்தபோது நடந்த கூட்டத்தில், டாக்டர் ஒரு பழைய போட்டோவை எல்லாரிடமும் சுற்ற விட்டார்.

"நம்ம ரோஜாப் பாத்தி இருக்குல்ல, அந்த இடத்துல முன்னாடி ஒரு குளம் இருந்திருக்கு. பாருங்க, எவ்வளவு அழகு. எதுக்கு மூடினாங்கன்னு யாருக்குமே தெரியல. பராமரிக்க ஆள் இல்லாம மூடியிருப்பாங்க போல. பொன்விழாவுக்கு அதத் திரும்பத் தோண்டிடலாம். முழங்கால் ஆழம் போதும். சுத்திக் கம்பி போட்டுடலாம். புள்ளைங்க காகிதக் கப்பல் விட்டு விளையாடட்டும்."

போட்டோ அச்சுக்காரர் கைக்கு வந்தது. குளமும், கரையில் ஒரு கல் பெஞ்சும் தெரிந்தன. அவர் அந்த பெஞ்சைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அந்தக் குளம் ஏன் மூடப்பட்டது என்று அந்த அறையில் ஒருவருக்குத் தெரியும். அவருடைய ஐந்து வயது மகள் அதில்தான் மூழ்கிப் போனாள்.

இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அப்போதெல்லாம் அச்சுக்காரர் இப்படி இல்லை. பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாதவர், நாலு பேர் சேர்ந்த இடத்தில் நடுவில் நிற்கிறவர். ஒரு நாள் சாயங்காலம் பாப்பாவுக்கு மீன் காட்டக் கூட்டிப் போனார். அவள் ரொட்டியைப் பிய்த்துத் தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தாள். காகிதக் கடைக்காரச் சிநேகிதர் எதிரே வந்தார். கல் பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். இவர் ஒரு கதையை எடுத்துவிட்டார், கையை ஆட்டி, முகத்தைக் கோணி, குரலை மாற்றி. கதை முடிந்து, சிநேகிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து முடித்து, இவர் திரும்பிப் பார்த்தபோது கரையில் ரொட்டித் துண்டுகள் கிடந்தன. பாப்பா இல்லை.

ஆஸ்பத்திரி வாசலில் மனைவி அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"பேசிக்கிட்டு இருந்தீங்களா?"

அதற்கப்புறம் அவள் அதைக் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் தேவலை. அன்றைக்கு அடைத்த அவர் வாய் அடைத்ததுதான்.

அந்தக் காலத்துக் கமிட்டிக்காரர்கள் பாப்பா பேரில் ஒரு கல் நடுகிறோம் என்று வீட்டுக்கு வந்தார்கள். மனைவி கதவுக்குப் பின்னாலிருந்தபடியே சொன்னாள். "எம் பொண்ணு பேரக் கல்லுல வெட்டி வெக்காதீங்க. எங்கிட்ட அவளப் பத்திப் பேசாதீங்க. என்னப் பாத்து உச்சுக் கொட்டாதீங்க. அது போதும்." அவர்கள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள். குளத்தை மண் கொட்டி மூடி, மேலே ரோஜா வைத்தார்கள். தங்கள் பிள்ளைகளிடம்கூட விஷயத்தைச் சொல்லவில்லை. பிறகு சிலர் செத்தார்கள், சிலர் வீட்டை விற்றுவிட்டுப் போனார்கள். பழைய வீடுகள் இடிந்து அடுக்கு வீடுகள் வந்தன, புது மனிதர்கள் வந்தார்கள். கேட்டது அப்படியே கிடைத்தது அந்தத் தம்பதிக்கு. அவர்களுக்கு ஒரு பிள்ளை இருந்தது என்றே யாருக்கும் தெரியாது.

இதையெல்லாம் சொல்வதற்கு டாக்டரின் பேனா தட்டுகிற நேரம் போதுமா? போதும். "வேண்டாம்" என்ற ஒரு சொல் போதும். அச்சுக்காரர் வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. பேனா தட்டியது. தீர்மானம் பாஸ்.

அந்த ரோஜாப் பாத்தி மனைவியின் பொறுப்பு. யாரும் கொடுத்த பொறுப்பில்லை, அவளே எடுத்துக்கொண்டது. நாள் தவறாமல் சாயங்காலம் போய்த் தண்ணீர் ஊற்றுவாள், களை பிடுங்குவாள், சற்று நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு வருவாள். பார்க்கிறவர்கள் பூப்பைத்தியம் என்று நினைத்துக்கொண்டார்கள். கெட்ட நேரத்திலும் ஒரு கெட்ட நேரம், தோண்ட ஆள் வருவதற்கு முந்தின வாரம் அவள் குளியலறையில் வழுக்கி விழுந்து கணுக்கால் எலும்பு முறிந்தது. மாவுக்கட்டுப் போட்டு வீட்டில் உட்கார வைத்துவிட்டார்கள்.

"ரோஜாவுக்குத் தண்ணி ஊத்தினீங்களா?" என்று தினமும் கேட்பாள்.

"ம்" என்பார்.

அங்கே கடப்பாரை இறங்கிக்கொண்டிருந்தது. பிடுங்கிப் போட்ட செடிகளில் இரண்டை எடுத்துவந்து அச்சகத்துக் கொல்லையில் காலி மை டின்களில் நட்டு வைத்தார். இரண்டும் வாடிப் போயின. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறோம் என்று அவருக்குத் தெரியும். எத்தனை நாளைக்கு மறைக்க முடியும் என்றுதான் தெரியவில்லை.

விழா மலர் அவருடைய அச்சகத்தில்தான் அடிக்க வந்தது. அச்சகத்தில் பிழை பார்ப்பது எப்போதும் மனைவியின் வேலை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வரிக்குக் கீழே ஸ்கேலை வைத்து, உதட்டை அசைத்துக்கொண்டே படிப்பாள். அவள் கண்ணுக்குத் தப்பி ஒரு புள்ளிகூடப் போகாது. இந்த ஒரு மலரை அவளுக்குக் காட்டாமலே அடித்துவிடலாம் என்று அச்சுக்காரர் நினைத்தார். அச்சகப் பையன் வழக்கம்போல வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டான்.

மத்தியானம் அவர் சாப்பிட வந்தபோது தாள்கள் அவள் மடியில் இருந்தன. ஸ்கேல் ஒரு வரியின் கீழ் நின்றிருந்தது. 'பராமரிப்புக் காரணங்களுக்காக மூடப்பட்ட குளம், பொன்விழாவையொட்டிப் புதுப்பொலிவுடன் மீண்டும் திறக்கப்படுகிறது.'

"ரோஜாவுக்குத் தண்ணி ஊத்தினீங்களா?" என்றாள்.

அவர் கை கழுவுகிற இடத்திலேயே நின்றார்.

"என்னங்க, உங்களத்தான் கேக்கறேன்."

"ரோஜா இல்ல."

"எப்பத் தோண்டினாங்க?"

"நீ விழுந்ததுக்கு அடுத்த வாரம்."

"அந்தக் கூட்டத்துல நீங்க இருந்தீங்களா?"

"இருந்தேன்."

"ஒண்ணும் சொல்லலையா?"

"வாய் வரல."

அவள் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தாள். "அன்னிக்குப் பேசாம இருந்திருக்கணும். இன்னிக்குப் பேசியிருக்கணும். உங்களுக்கு எல்லாமே தலைகீழ்தான்" என்றாள். அடித்திருந்தால்கூட அவருக்கு அவ்வளவு வலித்திருக்காது.

விளக்கு வைத்த பிறகு அவளே ஆரம்பித்தாள்.

"அவங்களச் சொல்லிக் குத்தமில்ல. ஊர் வாயக் கட்டினது நான்தான். சின்னப் புள்ளைங்க கப்பல் விட ஆசப்படுது, விடட்டும். ஆனா தண்ணி விடறதுக்கு முன்னாடி நீங்க மேடையேறி ஒரு தடவ சொல்லணும். அவ இருந்தான்னு சொல்லணும். இந்த ஊர்ல அப்படி ஒருத்தி இருந்தா, இங்கதான் போனா. நாம ரெண்டு பேரும் கண்ண மூடிட்டா, அதச் சொல்ல யாரு இருக்கா?"

"மலர்ல அந்த வரிய மாத்திடட்டா?"

"அது அப்படியே கெடக்கட்டும். காகிதத்துல வேணாம். உங்க வாயால சொல்லுங்க. இத்தன வருஷத்துல நான் உங்ககிட்ட ஏதாவது கேட்டிருக்கேனா?"

கேட்டதில்லை. அவர் "சொல்றேன்" என்றார்.

விழாவில் 'அன்றும் இன்றும்' என்று ஒரு நிகழ்ச்சி வைத்திருந்தார்கள். பூங்காவைப் பற்றி யாருக்கு என்ன ஞாபகம் இருந்தாலும் மைக்கில் வந்து சொல்லலாம். அச்சுக்காரர் தன் பேரைக் கொடுத்தபோது டாக்டர் காதை ஒரு தடவை குடைந்துவிட்டு, மறுபடி கேட்டார். பிறகு தெருவெல்லாம் அதே பேச்சு. அச்சுக்காரரோ அச்சகத்தில் பெரிய மெஷினை ஓட விட்டு, அதன் இரைச்சலுக்குள் நின்றுகொண்டு சொல்லிப் பார்த்தார். 'எங்களுக்கு ஒரு மகள் இருந்தாள். இந்தக் குளத்தில்தான் மூழ்கிப் போனாள்.' முதலில் தொண்டையைத் தாண்டவில்லை. நாலைந்து நாளில் உதடு வரைக்கும் வந்தது. விழாவுக்கு முந்தின நாள் அவர் காதுக்கே கேட்டது. மெஷினை நிறுத்திவிட்டு உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

விழா அன்று பூங்காவில் எள் போட்டால் எள் விழ இடமில்லை. வர்ணக் காகிதத் தோரணம், வாடகை நாற்காலி, பலூன். புதுக் குளம் சிமெண்டுக் கரையோடு காலியாக இருந்தது. பக்கத்தில் தண்ணீர் திறக்கக் குழாய் தயாராக இருந்தது. கரையோரம் சின்னப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு காகிதக் கப்பல் மடித்து மடியில் வைத்திருந்தார்கள். அச்சகத்து வெட்டுக் காகிதத்தில் செய்த கப்பல்கள்தான். முன்தினம் கேட்டு வந்தபோது அவரே எடுத்துக் கொடுத்திருந்தார். மனைவி கைத்தடியை ஊன்றி வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தாள். காலியான குளத்தை ஒரு தடவை பார்த்தாள். அப்புறம் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

நிகழ்ச்சியை நடத்தியவள் ஒரு நர்சரி டீச்சர், சிரித்த முகம். யார் வந்து பழைய கதை சொன்னாலும் கடைசியில் இன்றைய சங்கதியைக் கேட்டு வாங்கிவிடுவாள். "இங்கதான் நான் சைக்கிள் கத்துக்கிட்டேன்" என்றார் ஒருவர். "இப்ப என்ன சார் ஓட்டறீங்க?" என்றாள். "குடும்பம்" என்றார். ஒரே சிரிப்பு. இன்னொரு அம்மாள் தன் மகன் இந்தப் புல்வெளியில்தான் முதல் அடி எடுத்து வைத்தான் என்றாள். "அந்தக் குட்டிப் பையன் இப்ப எங்கம்மா?" "அதோ தாடி வெச்சுக்கிட்டு செல்போன நோண்டறான் பாரு." தாடிக்காரன் எழுந்து கும்பிட்டான், கூட்டம் கை தட்டியது.

"அடுத்து நம்ம அச்சகத்து அண்ணன்" என்றாள் டீச்சர். "இதுவரைக்கும் யாரும் கேக்காத குரல். எல்லாரும் அமைதியா இருங்க."

அமைதியாகத்தான் இருந்தார்கள். அச்சுக்காரர் மைக்கைப் பிடித்தார். எதிரே அத்தனை முகமும் அவரையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தன, நல்ல சிரிப்பு, பிரியமான சிரிப்பு.

"எங்களுக்கு ஒரு" என்றார்.

அதோடு நின்றது. மெஷின் இரைச்சல் இல்லாத இடத்தில் அவருக்குப் பேசிப் பழக்கமில்லை. யாரோ ஊக்கப்படுத்தக் கை தட்டினார்கள். அவர் மனைவியைப் பார்த்தார். கட்டிய கணவனை மேடையில் அப்படிப் பார்க்கிற கஷ்டம் எந்தப் பெண்ணுக்கும் வேண்டாம். அவள் தடியை ஊன்றி எழுந்தாள், மெல்ல நடந்து வந்தாள், அவர் கையிலிருந்த மைக்கை வாங்கிக்கொண்டாள்.

"எங்களுக்கு ஒரு மக" என்றாள். "பழைய குளம் இருந்தப்ப அவளுக்கு அஞ்சு வயசு. தினமும் மீனப் பாக்கணும். ரொட்டி வாங்கிக் குடுத்தா அவ திங்க மாட்டா, எல்லாத்தையும் மீனுக்குப் போட்டுடுவா. மீனுக்கெல்லாம் பேரு வெச்சிருந்தா. எனக்கு எல்லா மீனும் ஒரே மாதிரிதான் இருக்கும், அவளுக்கு மட்டும் எது எதுன்னு தெரியும்."

கூட்டம் ரசித்துக் கேட்டது. டீச்சர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "கேக்கவே அழகா இருக்கும்மா. அந்தப் பாப்பா இப்ப எங்க இருக்காங்க?"

சொல்ல வேண்டிய இடம் அதுதான். அதற்காகத்தான் ஒடிந்த காலோடு வந்திருந்தாள். அவள் மூச்சை இழுத்தாள். கரையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளில் ஒரு சின்னப் பெண், கப்பலை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, எழுந்து நின்று கேட்டது.

"பாட்டி, அந்த அக்காவும் இதுல கப்பல் விட்டாங்களா?"

அவள் அந்தக் குழந்தையைப் பார்த்தாள். அதன் பின்னால் காலியான குளம், கரையில் கப்பல் வைத்திருந்த மற்றப் பிள்ளைகள். எல்லாரும் பதிலுக்குக் காத்திருந்தார்கள்.

"விட்டாம்மா" என்றாள். பிறகு டீச்சர் பக்கம் திரும்பினாள். "அவ வெளியூர்ல இருக்கா."

கை தட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. டாக்டர் குழாயைத் திறந்தார். தண்ணீர் வர வர, பிள்ளைகள் கூச்சலோடு கப்பல்களை இறக்கினார்கள். மனைவி திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"வெளியூர் அனுப்பிட்டேங்க அவள" என்றாள் தணிந்த குரலில். "அந்தக் கொழந்த முகத்தப் பாத்துட்டு என்னால முடியல. இனிமே யாராவது கேட்டா நீங்களும் அதையே சொல்லுங்க."

கேட்காமல் இருப்பார்களா? முதல் ஆளாக டாக்டரே வந்தார். "என்ன சார் இது, மக இருக்காங்கன்னு ஒரு வார்த்த சொன்னதில்லையே. என்ன பண்றாங்க?"

அச்சுக்காரர் வாயைத் திறந்தார். இந்த முறை காற்று வரவில்லை, பேச்சு வந்தது.

"டீச்சரா இருக்கா. சின்னப் புள்ளைங்களுக்கு" என்றார். "கணக்குன்னா அவளுக்கு ஆகாது, கத சொல்லச் சொன்னா விடிய விடியச் சொல்லுவா. அந்த விஷயத்துல என்னை மாதிரி. கண்ணாடி போட்டிருக்கா, அது அவ அம்மா மாதிரி. தெனம் போன் பண்ணுவா. மாத்திர சாப்டியாப்பான்னு அதட்டுவா. இல்லன்னா கோவம். அவ கோவத்தத்தான் தாங்க முடியாது சார், ரெண்டு நாள் பேச மாட்டா."

சுற்றி ஆட்கள் கூடிவிட்டார்கள். அச்சுக்காரர் பேசுகிறார் என்றால் சும்மாவா? அவர் கையை ஆட்டினார், குரலை மாற்றினார். மகள் மழையில் நனைந்து வந்து பொய் சொன்ன கதையைச் சொன்னார். முதல் நாள் வேலைக்குப் போகப் பயந்துகொண்டு இவரையும் வாசல் வரை இழுத்துப்போன கதையைச் சொன்னார். டாக்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இவ்வளவு பேச்ச இத்தன நாளா எங்க சார் ஒளிச்சு வெச்சிருந்தீங்க?" என்றார். அச்சுக்காரரால் நிறுத்த முடியவில்லை. நிறுத்தினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். கடைசியில் மனைவி வந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

தெருவில் இரண்டு பேரும் மெல்ல நடந்தார்கள். அவளுக்காக அவர் நின்று நின்று நடந்தார். பின்னால் பிள்ளைகளின் சத்தம் குறைந்துகொண்டே வந்தது.

"தப்புப் பண்ணிட்டேன்" என்றார். "ஒண்ணு சொல்லச் சொன்னே, அத விட்டுட்டு என்னென்னவோ சொல்லிட்டேன்."

அவள் கொஞ்ச தூரம் நடந்தாள்.

"கண்ணாடி எப்பலேர்ந்து போட்டிருக்கா?"

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் கேலி செய்யவில்லை. முகத்தில் கோபமும் இல்லை. வாசலில் தபால்காரரை நிறுத்தி, ஏதாவது வந்திருக்கிறதா என்று கேட்கிற முகம்.

"பத்தாவது படிக்கும்போதுலேர்ந்து" என்றார்.

"தலமுடி? குட்டையா வெட்டிக்கிட்டாளா?"

"வெட்டத்தான் போனா. அப்புறம் உனக்குப் பயந்து வெட்டாம வந்துட்டா."

"வெட்டட்டுமே. நான் என்ன சொல்லப் போறேன்." சற்று நேரம் கழித்து, "அவ புருஷன் நல்ல மாதிரியா?" என்றாள்.

"நல்ல பையன். அதிகம் பேச மாட்டான்."

"அதுவும் நல்லதுதான்" என்றாள். "சொல்லுங்க. இன்னும் சொல்லுங்க."

அவர் சொன்னார். முனைக்கடை தாண்டி, அச்சகம் தாண்டி, வீட்டுச் சந்து வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தார். மகள் எங்கே இருக்கிறாள், மாடி வீடா கீழ் வீடா, ஜன்னல் எந்தப் பக்கம், அடுப்படி போதுமானதாக இருக்கிறதா என்று மனைவி கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகச் சொன்னார். அடுப்படி சின்னது என்றதும் அவள் வருத்தப்பட்டாள்.

வீடு வந்தது. அவர் சாவியை எடுத்தார். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு, கட்டுப் போட்ட காலை மெல்ல ஊன்றிப் படியில் ஏறி நின்றாள்.

"எப்ப வர்றேன்னு சொன்னா?" என்று கேட்டாள்.

அச்சுக்காரர் கதவில் நெற்றியை முட்டுக்கொடுத்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். அவள் அவர் கையிலிருந்த சாவியை வாங்கிப் பூட்டைத் திறந்தாள்.